அணைக்கட்டு நடித்த நீலப் படம்

டெய்லரம்மாவின் புருஷன் நீலப் படத்தில் நடிக்கிறாராம்.

இந்தச் சேதியை அவள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்குத் தொழில் முடிவெட்டுவது. கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு அண்ணாந்து கிடந்த ஒரு வாடிக்கையாளர் அவனிடம் சொன்னார். அவருக்குச் சொன்னது பஸ் டிப்போ கேன்டீன்காரர். கேன்டீன்காரருக்கு யார் சொன்னது என்று தம்பி விசாரிக்கவில்லை. கத்தி அப்போது வாடிக்கையாளரின் குரல்வளைப் பக்கம் இருந்ததால், சிரித்துக் கை ஆடிவிடப் போகிறதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அக்கா, நான் நம்பல. ஆனா வேற யாராவது வந்து சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடலாம்னு…" என்று நிலைப்படியைச் சுரண்டியபடி இழுத்தான்.

டெய்லரம்மா பள்ளிக்கூடச் சீருடை ஒன்றுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் படிக்கிற பாடம். ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவைத்தாள். கடைசி ஊசியையும் குத்திவிட்டு, மிஷின்மேல் கவிழ்ந்து, அதன் பிறகுதான் சிரித்தாள்.

"யாரு, அவரா?"

"அவருதானாம்."

"கதாநாயகனாவா?"

"அந்த விவரம் வரலக்கா."

"அந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டு? ஒரு படத்துல அடங்குமாடா அது?"

தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அழவில்லை என்பதில் அவனுக்குப் பெரிய நிம்மதி. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கடையைப் பார்க்கப் போனான்.

அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அந்த மனிதரைப் பற்றித் தெரிந்த யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். தொலைக்காட்சியில் நாயகனும் நாயகியும் ஒரு முழம் நெருங்கிவிட்டால் போதும், அவருக்குத் தாகம் எடுத்துவிடும். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அவர்கள் விலகுகிற வரைக்கும் குடித்துக்கொண்டே இருப்பார். கல்யாணப் போட்டோவில்கூடப் பெண்டாட்டியைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர். செருப்பு காணாமல் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவருக்குத் தொழில் பஸ் ஓட்டுவது. டிப்போவில் அவருக்கு 'அணைக்கட்டு' என்று பெயர். அவருடையது ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊர்ந்து போகிற நீண்ட ரூட். மற்ற டிரைவர்கள் நடுவழிப் பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவார்கள். இவர் அப்படி இல்லை. ஒரு முனையில் ஏறி உட்கார்ந்தால் மறுமுனையில்தான் இறங்குவார். மழை பெய்தாலும் சரி, ஊர்வலம் வந்து வண்டி ஒரே இடத்தில் உறைந்து போனாலும் சரி, ஒரு நெளிவு கிடையாது, ஒரு முனகல் கிடையாது. "எங்க அண்ணன் ஷட்டர் இறக்கினா இறக்கினதுதான்" என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தவன் அவருடைய கண்டக்டர். அவனுக்கு 'விசில்' என்று பெயர். வாயைத் திறந்து பேசுவதைவிட ஊதுவது அதிகம் என்பதால் வந்தது.

அணைக்கட்டு அந்தப் பெயரைப் பதக்கம் போலச் சுமந்தார். கல்யாண வீடுகளில், "இந்த வயசுலயும் பாருங்க" என்று தாமே ஆரம்பிப்பார். டெய்லரம்மா முழங்கையால் ஓர் இடி இடித்தால்தான் நிறுத்துவார்.

தம்பி போன பிறகு அவள் மிஷினை மிதித்தாள். நாலு தையல் ஓடியிருக்காது, கால் நின்றுவிட்டது.

நெருப்பில்லாமல் புகையாது. நீலப் படம் என்பது சுத்தப் பொய், சரி. ஆனால் பொய்க்கும் ஒரு விதை வேண்டுமே. கொஞ்ச நாளாக இந்த மனிதர் சரியில்லை. 'இனிமே இந்த வீட்டுக்குள்ள பீட்ரூட் வரக்கூடாது' என்று ஒரு நாள் சட்டம் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு 'ஒத்துக்கல' என்றார். கருங்கல்லைத் தின்றாலும் ஒத்துக்கொள்கிற வயிறு அது. விடுமுறை நாளில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தார். 'எங்க போனீங்க' என்றால் 'சும்மா' என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சும்மா எங்கும் போனதில்லை. போகிற இடத்துக்கெல்லாம் ஒரு ரூட் நம்பர் வைத்துக்கொண்டு போகிற ஆள்.

பீட்ரூட், தேய்த்த சட்டை, நீலப் படம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எந்தத் துணியும் எந்தத் துணியோடும் பொருந்தவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி, "என்ன, ஷூட்டிங் சீக்கிரம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

சொம்பு பாதி வழியில் நின்றது.

"என்ன ஷூட்டிங்?"

"நீலப் படமாமே. ஊரே சொல்லுது. வீட்டுல இருக்கறவளுக்குத்தான் கடைசியா வந்துச்சு."

அவர் முகத்தில் அப்போது ஓடியதை அவள் நிதானமாகப் பார்த்தாள். முதலில் திடுக்கிடல். அடுத்து ஒரு யோசனை. சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் போகலாமா நிற்கலாமா என்று யோசிப்பாரே, அந்த யோசனை. கடைசியில் அதைவிட விசித்திரமாக ஒரு நிம்மதி. அவர் சோபாவில் உட்கார்ந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஆமா. தப்புதான்" என்றார்.

"என்னது, ஆமாவா?"

"நடிக்கல. பாத்தேன். ஒரே ஒரு தடவை. மன்னிச்சிடு."

டெய்லரம்மா எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்ச் டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"எங்க பாத்தீங்க?"

"டிப்போல. ஒருத்தன் போன்ல."

"கதை என்ன?"

"கதையா?"

"படம்னா கதை இருக்கும்ல. சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கறேன்."

அணைக்கட்டு தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். "அதுல ஒரு டிரைவரு இருக்கான்" என்றார்.

"சரி."

"அவன் வண்டி ஓட்டறான்."

"ம்."

"ஓட்டிக்கிட்டே போறான். வழியில ஒரு பொம்பள கை காட்டறா."

"அப்புறம்?"

"ஸ்டாப்பிங் இல்லாத இடம். அவன் நிறுத்தல."

"அப்புறம்?"

"வண்டி டிப்போவுக்குப் போயிடுது."

அவள் எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இன்ச் டேப்பின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். இருவரும் கொஞ்ச தூரம் ஒன்றாகத்தான் போனார்கள். நடுவில் அவருடைய சிரிப்பு மட்டும் தடம் மாறி வேறு பக்கம் திரும்பிவிட்டது. தோள்கள் அப்படியேதான் குலுங்கிக்கொண்டிருந்தன. முகம் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் டேப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"என்னங்க?"

"ஒரு நாள் சிகப்பா போச்சு" என்றார்.

அப்புறம் எல்லாம் வந்தது. அணையில் ஒரு கல்லை உருவினால் போதாதா. ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. முந்தின ராத்திரி பீட்ரூட் பொரியல் என்பது நினைவுக்கு வர, பழியை அதன்மேல் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். அடுத்த நாள் ஒன்றும் இல்லை. 'பாத்தியா, பீட்ரூட்டுதான்' என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சில வாரம் கழித்து மறுபடி வந்தது. அன்றைக்கு முந்தின நாள் சாப்பிட்டது தயிரும் சோறும். அப்படியும் மனசு கேட்காமல் வீட்டில் பீட்ரூட்டைத் தடை செய்து பார்த்தார். திருடன் ஓடிவிட்டான், தெருவில் நின்றவனைப் பிடித்து உள்ளே போட்ட கதைதான்.

பிறகு தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே முதலில் ஸ்கேன். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள்.

இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முதுகு நிமிர்ந்தது. "அந்த பெஞ்சுல பாக்கணும் நீ. ஒருத்தன் நெளியறான், ஒருத்தன் நடக்கறான், ஒருத்தர் கடவுளைக் கூப்பிடறாரு. நான் எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டேன். 'நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல.' ஸ்கேன் எடுக்கற பொண்ணு சொல்லிச்சு, 'சார், இவ்வளவு நிறைஞ்ச பையை நான் பாத்ததே இல்ல'ன்னு."

"சர்டிபிகேட் குடுத்தாங்களா, மாட்டி வைக்க?"

"படம் சுத்தமா இருக்குன்னாங்க. வெளிய வந்து சந்தோஷத்துல ஒரு சிகரெட் பத்த வெச்சேன்."

"நல்ல நன்றிக்கடன்."

ஆனால் சிறுநீரில் உதிர்ந்து வந்த செல்களைப் பரிசோதித்தவர்கள் சந்தேகம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா அவரை உட்கார வைத்து விளக்கினார்: ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவரில் முளைத்த காளான் தெரியும், சுவரோடு ஒட்டிப் படிந்த பாசி தெரியாது. அதனால் மெல்லிய குழாயில் கேமராவைக் கட்டி உள்ளே அனுப்பிப் பார்த்தார். அங்கங்கே லேசான சிவப்பு. புண்ணா, வெறும் எரிச்சலா, வேறு ஏதாவதா, வெறும் வெள்ளை வெளிச்சத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த தடவை ஒரு மருந்தை உள்ளே விட்டு, நீல வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றார். கெட்ட செல் இருந்தால் அதில் காட்டிக்கொடுக்குமாம்.

"அதுக்கு லீவு கேக்கப் போனேன். டைம் கீப்பர் எதுக்குன்னான். அந்த இடத்தோட பேரை எப்படிச் சொல்றது? 'ஆஸ்பத்திரில நீலத்துல ஒரு படம் எடுக்கறாங்க. நான் இல்லாம எடுக்க முடியாது'ன்னேன்."

டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஊரைச் சுற்றி வந்த சேதிக்கு விதை போட்டது சாட்சாத் இவரே.

"என்ன நோயின்னு சந்தேகமாம்?" என்று கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவர் அந்த வார்த்தையைச் சொன்னார், மிகவும் மெதுவாக, பக்கத்து வீட்டில் யாரோ தூங்குவது போல.

மிஷினில் பாதி தைத்த நீலத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். கோபம் வந்தது. நோய்மேல் வரவில்லை, அதற்கு இன்னும் முகமே இல்லை. வந்ததெல்லாம் இந்த மனிதர்மேல்.

"ஏங்க, அந்தக் கெட்ட பேருக்குக்கூட ஒத்துக்கிட்டீங்க. இதை எங்கிட்டச் சொல்ல மாட்டீங்க, அப்படித்தானே?"

"நீ பயந்துடுவேன்னு…"

"நான் பயந்தா என்ன? பயப்படறதுக்குக்கூட லைசென்ஸ் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கா?"

அவர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார்.

"இனிமே ஒண்ணே ஒண்ணுதான். நல்லதோ கெட்டதோ, ரெண்டு பேரும் சேந்துதான் கேக்கணும். நீங்க தனியா கேட்டுட்டு வந்து பீட்ரூட் மேல பழி போடற கதையெல்லாம் வேண்டாம். சத்தியம் பண்ணுங்க."

"உன் மேல…"

"என் மேல வேண்டாம். அது பழசாயிடுச்சு. ஸ்டியரிங் மேல."

ஸ்டியரிங் மேல் அவர் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார். செய்தார். அவருடைய சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை அவள் உருவி எடுத்தாள். 

நீல வெளிச்சத்து நாளன்று காலையில் தம்பி பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டான். விஷயம் அவனுக்கும் தெரியும். மாமாவுக்குச் சவரம் செய்யும்போது அவன் கை வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. முடித்துத் துண்டை உதறினான். "குளோஸ்அப்புல எடுக்கறாங்களாம் மாமா. அதான் கொஞ்சம் நல்லாவே இழைச்சிருக்கேன்" என்றான்.

"எடுக்கற இடம் இது இல்லடா" என்றார் மாமா.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே ஏற்றினாள். "ஒரு மணி நேரம் உள்ளயே இருக்கணும் ஐயா. சில பேருக்கு ரொம்பச் சிரமமா இருக்கும். முடிஞ்ச வரைக்கும் அடக்கிக்குங்க" என்றாள்.

அணைக்கட்டு அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பட்டமளிப்பு விழாவில் தன் பேரை வாசிக்கக் கேட்டவனின் புன்னகை அது. ஆயுள் முழுக்க எதற்கென்றே தெரியாமல் ஒரு வித்தையைப் பழகி வைத்திருந்தவருக்கு அதன் வேளை வந்துவிட்டது. நர்ஸ் இரண்டு தரம் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையா ஐயா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு ட்ரிப்பு அடிப்பேன்மா."

டாக்டரம்மா முதலில் டெய்லரம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். "இல்லிங்க டாக்டர், ஸ்டியரிங் மேல சத்தியம்" என்று அவர் படுத்தபடியே சொல்ல, அதன் பொருள் விளங்காவிட்டாலும் அந்தக் குரல் விளங்கி, டாக்டரம்மா ஒரு ஸ்டூலைக் காட்டினார். மரத்துப் போகிற மருந்து தடவினார்கள். விளக்கை அணைத்தார்கள். சுவரோரம் ஒரு திரை ஒளிர்ந்தது.

முதலில் வெள்ளை வெளிச்சம். திரையில் இளம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குகை, அதில் மெல்லிய நூல் போல ரத்தக் குழாய்கள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று டெய்லரம்மா எதிர்பார்க்கவில்லை.

"நம்ம வீட்டுச் சுவத்தைவிட நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றாள்.

"வாடகை வீடு இல்லல்ல" என்றார் அவர். பாதி வார்த்தையில் பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டரம்மா, "சிரிக்காதீங்க, கேமரா ஆடுது" என்றார்.

"டாக்டர், நான் வருஷக்கணக்கா அடக்கி அடக்கி வெச்சதாலதான் வந்துச்சா இது?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஆனா சிகரெட்டுக்கும் இதுக்கும் நல்லாவே சம்பந்தம் உண்டு. புகையில இருக்கற நஞ்சு ரத்தத்துல கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, கடைசியில இந்தப் பையிலதான் வந்து தேங்கும். நெஞ்சை மட்டும்தான் கெடுக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க."

 டெய்லரம்மா சொல்ல வேண்டியதைப் பார்வையிலேயே சொல்லிவிட்டாள். இருட்டிலும் அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

"இப்ப மாத்தறேன்" என்றார் டாக்டரம்மா.

ஒரு பொத்தான். குகை முழுக்க நீலமாகிவிட்டது. கடலுக்கு அடியில் போய்விட்டது போல. கேமரா மெதுவாக ஊர்ந்தது. நீலம், நீலம், நீலம். டெய்லரம்மா மூச்சை விடலாம் என்று நினைத்த நேரத்தில், ஓர் ஓரமாக, ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு ஒளிர்ந்தது.

சீருடைத் துணியில் ரோஸ் சாக்குக்கட்டியால் அவள் போடுகிற அடையாளம் அப்படித்தான் இருக்கும். கரு நீலத்தில் ஒரு சின்னத் தீற்றல். அந்தத் தீற்றலுக்கு அவள் பாஷையில் ஒரே அர்த்தம்தான்: இங்கே வெட்டு.

அவள் கை தானாகப் போய் அவர் தோளில் உட்கார்ந்தது.

"என்ன எல்லாரும் கம்முனு ஆயிட்டீங்க? வில்லன் வந்துட்டானா?" என்றார் அணைக்கட்டு.

"வந்திருக்கிறவர் வில்லனா, சும்மா வழிப்போக்கரான்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "வெறும் வீக்கமா இருந்தாலும் சில சமயம் இப்படி ஒளிரும். கொஞ்சம் கிள்ளி எடுத்து லேபுக்கு அனுப்பணும்."

"டாக்டர், மறுபடி ஒரு தடவை வெள்ளையில காட்டுங்களேன்" என்றாள் டெய்லரம்மா.

வெள்ளை வந்தது. திட்டு இருந்த இடம் மற்ற இடங்களைப் போலவே இருந்தது. ஒன்றும் அறியாத பிள்ளை முகம். நீலம் வந்தது. திட்டு அதே இடத்தில் ரோஸாக ஒளிர்ந்தது. வெள்ளை, இல்லை. நீலம், உண்டு. வீட்டு வெளிச்சத்தில் தினமும் பார்த்த மனிதரிடம் தனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு நீலப் பொய் வந்துதானே காட்டிக்கொடுத்தது என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல அது இடமில்லை.

"இது எங்க நிக்குதுங்கறதுதான் கேள்வி" என்று டாக்டரம்மா கிள்ளிக்கொண்டே சொன்னார். "உள் சவ்வோட நின்னிருந்தா, ரொம்ப சீக்கிரம் பிடிச்சிட்டோம்னு அர்த்தம். சுரண்டி எடுத்துட்டு, மருந்து குடுத்து, அப்பப்போ பாத்துக்கிட்டு இருக்கலாம். அதைத் தாண்டிச் சதைக்குள்ள போயிருந்தா பேச்சு வேற."

"கோட்டோட லைனிங் மட்டும் போயிருந்தா மாத்திடலாம். மேல் துணிக்குப் போயிருந்தாத்தான் கஷ்டம். அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அதேதான். ரிசல்ட் வந்ததும் நானே போன் பண்றேன். தண்ணி நிறையக் குடிங்க. இனிமே அடக்காதீங்க. சிகரெட்…"

"அது என்கிட்ட இருக்கு டாக்டர்" என்றாள் டெய்லரம்மா.

ஓய்வு முடிந்து அவர் வண்டியை எடுத்தார். டிப்போவில் அவர் மரியாதை ஓர் அடி உயர்ந்திருந்தது. இள வயது மெக்கானிக்குகள் வணக்கம் வைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவர் கேட்டபோது, "இருக்கட்டும். பரிதாபமா பாக்கறதைவிடப் பொறாமையா பாக்கறது உடம்புக்கு நல்லது" என்று அவள்தான் தடுத்தாள். விசிலுக்கு மட்டும் சொன்னார்கள். அவன் கேட்டுவிட்டு விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். ஊதவில்லை.

டைம் கீப்பர் தினமும் கேட்பான்: "அண்ணே, படம் எப்ப ரிலீஸ்?"

"சென்சாருக்குப் போயிருக்கு" என்பார் அணைக்கட்டு. "எவ்வளவு வெட்டறாங்கன்னு தெரியல."

டைம் கீப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டி ஓடும்போது அவர் போனைத் தொட மாட்டார். டாக்டரம்மா எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்பது சத்தியம். ஆகவே டெய்லரம்மா கைத்தையல் வேலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, தினமும் அவர் பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார ஆரம்பித்தாள். அவர் போன் அவள் மடியில். பட்டன் தைத்தபடி ஊரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு ஊர் சுற்றிக் காட்டியதில்லை.

"அண்ணி, ஹனிமூனா?" என்று விசில் கேட்டான்.

"ஆமா. பாதி வழியில இறங்கி இறங்கி ஏறற ஹனிமூன்."

அதுதான் பெரிய மாற்றம். அணைக்கட்டு இப்போது நடுவழியில் நிறுத்தினார். பெட்ரோல் பங்க் வந்ததும் ஓரங்கட்டி, பின்பக்கம் இருந்த கழிப்பறையை நோக்கி நடப்பார். முதல் நாள் வழக்கமான பயணிகளுக்குக் கண்களை நம்ப முடியவில்லை. சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள். விசில் படிக்கட்டில் நின்று, "அணை திறக்கப்படுகிறது. கரையோர மக்கள் மேடான இடத்துக்குப் போகவும்" என்று அறிவித்தான். வண்டியே அதிர்ந்தது. அவர் திரும்பி வந்தபோது சிலர் கை தட்டினார்கள். அவர் காது மடல் சிவந்துபோய், ரெண்டாவது கியருக்குப் பதில் நாலாவதைப் போட்டு வண்டியை நிறுத்திவிட்டார்.

அன்றைக்கும் அப்படித்தான் வண்டி பங்க்கில் நின்றது. மதிய வெயில். அவர் இறங்கிப் பின்பக்கம் போனார். விசில் அறிவிப்பைச் சொல்லி முடித்தான். இப்போதெல்லாம் பயணிகளும் சேர்ந்து சொல்லத் தொடங்கியிருந்தார்கள். டெய்லரம்மா ஒரு சட்டைக் காலரில் கடைசிப் பட்டனைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள்.

மடியில் போன் அடித்தது.

திரையில் 'ஆஸ்பத்திரி' என்று இருந்தது. அவள் பேர் போட்டுக் கொடுத்ததுதான். ஊசி எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. போனை இரண்டு கையாலும் கூடு போலப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் விசில் சிரிப்பை நிறுத்தினான். வண்டிக்குள்ளும் ஒவ்வொருவராக அடங்கினார்கள், ஏன் என்று தெரியாமலே.

தகரக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

"ஏங்க."

"ஆள் இருக்கு."

"நான்தான். போன் வருது."

"யாரு?"

"ஆஸ்பத்திரி."

 போன் அவள் கையில் அதிர்ந்தது.

"எடுத்துப் பேசு" என்றார், வேறு யாருடைய குரலிலோ.

"மாட்டேன். ஸ்டியரிங் மேல சத்தியம். வெளிய வாங்க."

"டாக்டரம்மாதான் அடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஏங்க, விளையாடற நேரமா இது?"

"விளையாடல. நிஜமாவே இப்பத்தான் ஆரம்பிச்சேன். நடுவுல நிறுத்தற வித்தை மறந்து போச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தகரத்தில் நெற்றியைச் சாய்த்தாள். வெயிலில் அது கொதித்தது. சாய்த்தபடியே இருந்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. விசில் ஓடிப்போய் அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"டெய்லரம்மா."

"ம்."

"இன்னும் அடிக்குதா?"

"அடிக்குது."

"கட் ஆயிடப் போகுது. ஆனா நான் வர வரைக்கும் எடுத்துடாத. தோ வரேன்."

உள்ளே தாழ்ப்பாளைத் தேடுகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் அது எந்தப் பக்கம் திறக்கும் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. கதவு ஒரு தரம் குலுங்கியது, இன்னொரு தரம் குலுங்கியது.

"இடது பக்கம் தள்ளுங்க" என்றாள்.

"உன் இடதா, என் இடதா?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது.